ஃபுல் போர்ஷன்: செமஸ்டர் தேர்வில் எதுவரை கேட்கலாம்?

குன்னூரில் எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அண்ணன் மகள் வருவாள். ஊட்டியில் ஒரு கல்லூரியில் பி.காம். முதலாண்டு படிக்கிறாள். போன மாதம் ஒரு நாள் வந்தவள், நனைந்த குடையைக்கூட மடக்காமல் வாசலில் நின்றபடியே கேட்டாள்: "அத்தே, செமஸ்டர்ல ஃபுல் போர்ஷனும் வருமாமே? முதல் ரெண்டு யூனிட்தான் இன்டர்னல்ல எழுதியாச்சே, மறுபடி எதுக்குக் கேக்கறாங்க?"

இருபத்தைந்து வருடம் கணக்குப்பதிவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். இந்தக் கேள்வியை வருடத்துக்கு நாற்பது வாயிலிருந்தாவது கேட்டிருப்பேன். "சிலபஸ்ல இருக்கு, கேப்பாங்க" என்பதுதான் அப்போதெல்லாம் என் பதில். யோசித்துப் பார்த்தால் அது பதிலே இல்லை, வாயடைப்பு. வகுப்பில் நாற்பது பேரை அப்படி அடக்கிவிடலாம். அடுக்களை ஸ்டூலில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருக்கும் அண்ணன் மகளிடம் அது நடக்கவில்லை. அன்றைக்கு அவளுக்குச் சொன்னதையும், சொல்ல நினைத்து விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன். முதலாண்டு படிக்கிற யாருக்கும் உதவும்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். ஒரு பாடத்தில் ஐந்து யூனிட் இருக்கிறது. கடைசித் தேர்வில் ஐந்திலிருந்தும் கேள்வி வந்தால் அதைத் தொகுப்புத் தேர்வு என்று சொல்லலாம். நம் பிள்ளைகள் வாயில் அதுதான் 'ஃபுல் போர்ஷன்'. கடைசியாக நடத்திய யூனிட்களை மட்டும் கேட்டால் அது பகுதித் தேர்வு. அமெரிக்கக் கல்லூரிகளில் பெரும்பாலும் பாடம் எடுக்கும் ஆசிரியரே கேள்வித்தாளும் எடுப்பதால், இந்த இரண்டில் எது என்பதையும் அவரே முடிவு செய்துகொள்வார். நடுவில் இரண்டு மூன்று தேர்வு வைத்துவிட்டு, கடைசித் தேர்வில் மீதிப் பாடத்தை மட்டும் கேட்கிறவர்களும் அங்கே உண்டு. எது சரி என்ற வழக்கு அங்கே தீர்ந்தபாடில்லை. இங்கே பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்றால் கேள்வித்தாள் மேலிருந்து வரும். ஐந்து யூனிட்டும் அதில் இருக்கும். ஆசிரியருக்கு அதில் கை இல்லை.

இதையும் சி.ஜி.பி.ஏ.வையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆறு செமஸ்டர் மதிப்பெண்ணையும் சேர்த்துப் போடுகிற சராசரி அது. அங்கே சேர்வது மதிப்பெண் மட்டும்தான். முதல் செமஸ்டரில் படித்தது ஆறாவது செமஸ்டரில் தலையில் இருக்கிறதா என்பதை அந்த எண் சொல்லாது.

இப்படிப் பார்த்தால் நம் ஊர் முறையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரு செமஸ்டருக்குள் எல்லாம் ஃபுல் போர்ஷன். செமஸ்டர் தாண்டிவிட்டால் கோடு போட்டு அழித்த மாதிரி. அரியர் விழாதவரை முதல் செமஸ்டர் பாடத்தை அந்தப் பெயரில் இன்னொரு தடவை யாரும் கேட்கப்போவதில்லை. ஆண்டுக்கு ஒரே தேர்வு இருந்த பழைய காலத்தில் தொகுப்பின் நீளம் ஒரு வருடம். இப்போது ஐந்து மாதத்துக்கும் குறைவு. ஆக்ஸ்ஃபோர்டில் இன்றைக்கும் பல பட்டப்படிப்புகளில் கடைசி வருட முடிவில் எழுதுகிற 'ஃபைனல்ஸ்'தான் பட்டத்தின் தரத்தைத் தீர்மானிக்கிறது. மூன்று வருடப் பாரம் முழுக்க அந்தச் சில வாரங்களில் வந்து இறங்கும். ஆக, தொகுப்பு வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதோடு, எவ்வளவு தூரத்துக்கு வேண்டும் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

அண்ணன் மகளுக்கு இது ஏன் அநியாயமாகத் தெரிகிறது என்பதற்கு ஒரு காரணம் அவள் படித்த பள்ளியிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது. ஒரு புத்தகம் மூன்றாகப் பிரிந்தது. முதல் பருவம் முடிந்தால் அந்தப் புத்தகத்துக்கும் பிள்ளைக்கும் தொடர்பு முடிந்தது. பையின் எடை குறைந்தது. சின்னப் பிள்ளைகள் மலையேறிப் பள்ளிக்குப் போகிற ஊரில் அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் டிசம்பர் மாதமே முதல் பருவப் புத்தகங்கள் பழைய பேப்பர்காரரிடம் போய்விடும். அப்படி வளர்ந்த பிள்ளை பத்தாம் வகுப்பில் முழுப் புத்தகத்தையும் ஒரே தேர்வுக்குப் படி என்றதும் மலைத்து நின்றாள். கல்லூரியில் அதே மலைப்பு திரும்ப வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, மறுபடி எதற்குக் கேட்க வேண்டும்? மறந்துபோவதால்தான். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதனைப் பொருளாக்கி, பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எத்தனை நேரம் கழித்து எவ்வளவு மறக்கிறது என்று அளந்தார். 1885-இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். முதல் சில மணி நேரத்தில் மறதி செங்குத்தாக இறங்குகிறது. பிறகு சாய்வு குறைந்து மெதுவாகப் போகிறது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியாக இறங்கியவர்களுக்கு இந்தக் கோட்டைப் படம் போட்டுக் காட்ட வேண்டாம். முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவும் முதலிலேயே வந்துவிடும், அப்புறம் சமவெளி.

இன்னொரு சோதனை எனக்கு அதைவிடப் பிடிக்கும். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்டது. மாணவர்களுக்கு ஒரு உரைநடைப் பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு சாரார் அதையே இன்னொரு முறை படித்தார்கள். இன்னொரு சாரார் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள்: 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ். படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. தேர்வு நாள் காலையில் ஹால் வாசலில் நோட்டைப் புரட்டுகிற பிள்ளைக்கு "எல்லாம் தெரியுது" என்று தோன்றுவது இந்த 81-ஐப் பார்த்துத்தான். அந்த ஐந்து நிமிடத்துக்கு அது பொய்யும் இல்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது என்னவென்றால், நினைவிலிருந்து எடுத்து எழுதுகிற வேலையே படிப்பில் ஒரு பகுதி. முதல் இன்டர்னலில் எழுதியதை மறுபடி கேட்பது தண்டனை மாதிரித் தெரிந்தாலும், அந்தப் பாடத்துக்கு இன்னொரு சுற்று வாய்ப்பு கிடைக்கிறது. கேட்பார்கள் என்று தெரிந்திருப்பதே போதும் போலிருக்கிறது. 2007-இல் வந்த ஓர் ஆய்வில் சிலருக்கு ஐந்து சொற்பட்டியல் கொடுத்து ஒவ்வொன்றுக்கும் உடனுக்குடன் சோதனை வைத்தார்கள். கடைசியில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சோதனை உண்டு என்று ஒரு சாராரிடம் மட்டும் முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு எல்லாருக்கும் அதை வைத்தார்கள். எதிர்பார்த்திருந்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. 'இது முடிஞ்சு போச்சு' என்று மனசுக்குச் சொல்லிவிட்டால் அது உடனே கடையைச் சாத்திவிடுகிறது.

"சுற்று" என்று சொன்னதும் அவளுக்கு அவள் பாட்டியை நினைவுபடுத்தினேன். எங்கம்மா கோத்தகிரி பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். ஒரு காட்டைப் பறித்து முடித்துவிட்டு அடுத்த காட்டுக்குப் போவார்கள். பத்துப் பதினைந்து நாளில் திரும்ப முதல் காட்டுக்கே வருவார்கள். அதே செடி, அதே வரிசை. "போன தடவைதான் பறிச்சோமே" என்று யாரும் கேட்டதில்லை. நாள் தள்ளிப் போனால் இரண்டு இலையும் மொட்டுமாக இருந்தது முற்றிப்போகும், ஃபேக்டரியில் விலை இறங்கும். மறுநாளே திரும்பப் போனாலும் புண்ணியமில்லை, பறிக்கக் கொழுந்து இருக்காது. படிப்பிலும் இந்த இடைவெளிக் கணக்கு உண்டு. நேற்றுப் படித்ததை இன்றைக்கே திரும்பப் படித்தால் சுகமாக இருக்கும், பெரிய பலன் இல்லை. கொஞ்சம் மறக்க ஆரம்பித்த நேரத்தில் கஷ்டப்பட்டு நினைவுக்கு இழுத்தால்தான் பிடிக்கிறது.

இதுவரை மறதியைப் பற்றி. தொகுப்புத் தேர்வுக்கு இன்னொரு நியாயம் இருக்கிறது. ஆசிரியையாக எனக்கு அதுதான் பெரிது. அதைச் சும்மா சொன்னால் விளங்காது என்று டீ டம்ளரை நகர்த்திவிட்டு, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டேன்.

ஒரு தேயிலை ஃபேக்டரி 4,00,000 ரூபாய்க்கு ரோலர் இயந்திரம் வாங்குகிறது. தேய்மானம் 10 சதவீதம், குறைந்து செல் மதிப்பு முறை. இரண்டாம் ஆண்டுத் தேய்மானம் எவ்வளவு? அவள் பேனாவைக்கூட எடுக்கவில்லை. "முதல் வருஷம் நாப்பதாயிரம் போச்சு, மீதி மூணு லட்சத்து அறுபதாயிரம், அதுல பத்து பர்சன்ட், முப்பத்தாறாயிரம்." சரியான விடை. இது யூனிட் டெஸ்ட் கேள்வி. தேய்மானம் என்ற தலைப்புக்குக் கீழே வரும் என்பதால், தேய்மானம்தான் போட வேண்டும் என்பது கேட்காமலே தெரிந்துவிடும்.

அடுத்து அதையே மாற்றிக் கேட்டேன். இரண்டாம் ஆண்டு முடிவில் இருப்பாய்வு இருக்கிறது, அதாவது எல்லாக் கணக்குகளின் மீதியையும் பற்று, வரவு என்று இரண்டு பக்கமாக அடுக்கிய பட்டியல். அதில் இயந்திரம் 3,80,000 என்று போட்டிருக்கிறது. இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறது. கீழே ஒரு குறிப்பு: ஆண்டுத் தொடக்கத்தில் இயந்திரம் பழுதுபார்க்க ஆன 20,000 ரூபாயும் இயந்திரக் கணக்கிலேயே பற்று வைக்கப்பட்டுள்ளது. லாபம் என்ன ஆகும்?

அவள் 38,000 தேய்மானம் போட்டாள். இருப்பாய்வில் இருந்த எண்ணில் பத்து சதவீதம். குறிப்பைப் படித்தாள், ஆனால் அது எந்த யூனிட்டைச் சேர்ந்தது என்று தெரியவில்லை. "பழுது பார்த்தது வருவாயினச் செலவா, முதலினச் செலவா?" என்று கேட்டதும் முகம் மாறியது. முதல் யூனிட்டில் படித்ததுதான்: சொத்து வாங்க ஆனது முதலினச் செலவு, சொத்தின் மதிப்பில் சேரும்; பழுதுபார்க்க ஆனது வருவாயினச் செலவு, அந்த ஆண்டு லாபத்திலேயே கழியும். அதைப் போய் இயந்திரத்தோடு சேர்த்தது விதிப்பிழை, அதாவது செலவின் வகையையே மாற்றிப் பதிகிற பிழை. பிழைத் திருத்தம் யூனிட்டில் படித்ததுதான். விதிப்பிழை இருப்பாய்வைக் கலைக்காது என்பதும் அங்கேயே இருக்கிறது. மூன்றையும் சேர்த்தால் இயந்திரம் 3,60,000, தேய்மானம் 36,000, அதோடு பழுதுச் செலவு 20,000, மொத்தம் 56,000 லாபத்திலிருந்து கழிய வேண்டும். அவள் கழித்தது 38,000. லாபம் 18,000 ரூபாய் கூடுதலாக நிற்கிறது.

தேய்மானம் அவளுக்குத் தெரியும். பிழைத் திருத்தத்தில் இன்டர்னலில் நல்ல மதிப்பெண் வாங்கியவள். செலவு வகையும் தெரியும். தனித்தனியாகக் கேட்டால் மூன்றுக்கும் முழு மார்க். ஆனால் நாளைக்கு ஏதாவது ஃபேக்டரி ஆபீஸில் வேலைக்கு உட்கார்ந்தால், பேரேட்டில் எந்தப் பக்கத்திலும் 'இது மூன்றாவது யூனிட்' என்று எழுதியிருக்காது. எது எங்கே பொருந்தும் என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. பகுதித் தேர்வால் அந்தப் பாதியைச் சோதிக்கவே முடியாது.

அப்படியானால் எல்லாப் பாடத்துக்கும் ஃபுல் போர்ஷன்தானா என்றால், நான் அந்தக் கட்சி இல்லை.

எங்கள் மலை ரயிலைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர். கல்லாறு வரை சாதாரணத் தண்டவாளம். கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான் நடுவில் பல் வைத்த தண்டவாளம் ஓடுகிறது. ஏறக்குறைய பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறுகிற இடமெல்லாம் அந்தப் பகுதியில் இருக்கிறது. இன்ஜினின் பல்சக்கரம் அந்தப் பல்லைப் பிடித்துக்கொள்வதால், ஏறியது பின்னுக்குச் சறுக்காது. குன்னூரிலிருந்து ஊட்டிக்கும் ஏற்றம்தான், ஆனால் பல் கிடையாது. அங்கே சரிவு அந்த அளவுக்குக் கடுமையில்லை. 1899-இல் குன்னூருக்கும், 1908-இல் ஊட்டிக்கும் ரயில் விட்டவர்கள் வழிநெடுக ஒரே மாதிரிப் பல் பதிக்கவில்லை. தேவைப்பட்ட இடத்தில் பதித்தார்கள்.

கணக்கு, கணக்குப்பதிவியல், இயற்பியல், புரோகிராமிங், மொழி இலக்கணம் எல்லாம் கல்லாறு–குன்னூர் ரகம். கீழே உள்ள படி இல்லாமல் மேல்படி கிடையாது. பஹ்ரிக், ஹால் என்ற இருவர் 1991-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. பள்ளியில் அல்ஜீப்ரா படித்தவர்களைப் பல பத்தாண்டுகள் கழித்துச் சோதித்தார்கள். கல்லூரியில் கால்குலஸ் தாண்டியும் கணிதம் படித்தவர்களுக்கு ஐம்பது வருடம் கழித்தும் அல்ஜீப்ரா பெரிதாகக் குறையவில்லை. பள்ளியில் அதே மாதிரி நன்றாகச் செய்துவிட்டு, அதோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கு ஏறக்குறைய துடைத்துவிட்டிருந்தது. மேலே ஏறும்போதெல்லாம் கீழ்ப்படியை மிதித்ததுதான் அவர்களைக் காப்பாற்றியது. அடிப்படைத் தாள்களுக்குத் தொகுப்புத் தேர்வு வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். முதலாண்டு உளவியல் போன்ற அறிமுகப் பாடங்களில் தொகுப்புத் தேர்வு எழுதியவர்களுக்கு, பாடம் முடிந்து பல மாதம் கழித்தும் கூடுதலாக நினைவிருந்ததாக 2013-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வும் வந்தது.

ஐந்து தனித்தனிக் கவிஞர்களைப் படிக்கிற ஒரு தாளுக்கு அவ்வளவு கட்டாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. முதல் கவிஞரை மறந்தவருக்கு ஐந்தாவது கவிஞர் புரியாமல் போகாது. அங்கே நல்ல கட்டுரை ஒன்று எழுதச் சொல்வது மூன்று மணி நேர ஃபுல் போர்ஷனைவிடப் பயன் தரலாம். தமிழ்த்துறை நண்பர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

தொகுப்புத் தேர்வு மேல் மாணவர்கள் சொல்கிற குறைகளில் பாதி நியாயம். மூன்று மணி நேரத்தில் ஐந்து மாதப் பாடத்தை அளப்பது சிரமம். கேள்வி எங்கே விழுகிறது என்பதில் அதிர்ஷ்டம் கலந்துவிடும். அதைவிட எங்கள் மலையில் இன்னொன்று உண்டு. ஒற்றைப்படை செமஸ்டர் தேர்வு பெரும்பாலும் நவம்பரில் வரும். வடகிழக்குப் பருவமழை எங்களைப் போட்டு வாங்குகிற மாதமும் அதுதான். 2009 நவம்பரில் நீலகிரி முழுக்க மண் சரிந்து சாலைகள் அறுந்துபோனதைப் பார்த்தவர்களுக்கு, ஐந்து மாத உழைப்பையும் ஒரே காலைப்பொழுதில் வைப்பது எவ்வளவு பெரிய சூதாட்டம் என்று தெரியும். அவ்வளவு பெரிய மழைகூட வேண்டாம். மஞ்சூரிலிருந்து வருகிற முதல் பஸ் ஒரு மரம் விழுந்து நின்றாலே போதும். இரட்டைப்படை செமஸ்டரில் சீசன் தொடங்கிவிடும். வீட்டு வருமானத்துக்காகக் கடையிலோ காட்டேஜிலோ வேலைக்குப் போகிற பிள்ளைகள் அப்போதுதான் ஐந்து யூனிட்டையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

ஆனால் இது ஒரே நாளில் எல்லாப் பாரத்தையும் ஏற்றுவதன் குறை. பழைய பாடத்தைத் திரும்பக் கேட்பதன் குறையாக நான் இதைப் பார்க்கவில்லை. இரண்டாவது இன்டர்னலில் முதல் இரண்டு யூனிட்டிலிருந்தும் நாலு கேள்வி சேர்த்துக் கேட்டால் போதும், கடைசி நாளின் சுமை பாதி இறங்கிவிடும். நான் வகுப்பெடுத்த கடைசி சில வருடங்களில் அப்படித்தான் செய்தேன். முதலில் திட்டினார்கள். இன்னொரு நன்மையும் அதில் இருந்தது. முதல் இன்டர்னலில் காய்ச்சலில் படுத்துக் கோட்டைவிட்ட பிள்ளை, பிறகு படித்துக்கொண்டேன் என்று காட்ட இடம் கிடைத்தது. பகுதித் தேர்வில் போனது போனதுதான்.

சாய்ஸ் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தொகுப்புத் தேர்வைச் சத்தமில்லாமல் காலி செய்கிற ஆள் அது. "எட்டில் ஐந்துக்கு விடை தருக" என்று தாள் இருந்தால், ஒரு யூனிட்டை அப்படியே 'சாய்ஸ்ல விட்டுடலாம்'. எந்த யூனிட்டை விடலாம் என்பதில் சீனியர்கள் டாக்டரேட் வாங்கியிருப்பார்கள். ஒவ்வொரு யூனிட்டுக்குள்ளும் '(அ) அல்லது (ஆ)' என்று இருந்தால் எதையும் விட முடியாது. அதிலும் ஒரு ஓட்டை: ஐந்து யூனிட்டிலிருந்தும் ஐந்து தனித்தனிக் கேள்வி வந்தால் அது ஐந்து யூனிட் டெஸ்டை ஒரே நூலில் கட்டியது மாதிரிதான். நான் காலண்டர் தாளில் போட்ட மாதிரி இரண்டு மூன்று யூனிட் ஒன்றுக்குள் ஒன்று புகுந்த கேள்வி ஒன்றிரண்டாவது இருக்க வேண்டும். பல தாள்களில் அது இருப்பதில்லை. எனக்குக் குறை அங்கேதான்.

அதனால் முதலாண்டுப் பிள்ளைகள் செமஸ்டர் தொடங்கியதுமே பழைய கேள்வித்தாளை எடுத்து, சாய்ஸ் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். பிறகு மூன்றாவது யூனிட் நடக்கும்போதே வாரத்துக்கு ஒரு நாள் அரை மணி நேரம் முதல் யூனிட்டுக்கு. நோட்டைப் புரட்ட வேண்டாம். மூடி வைத்துவிட்டு வெறும் தாளில் ஒரு கணக்கு. வராவிட்டால் அப்புறம் நோட்டு.

எங்கள் வீட்டில் அந்த அரை மணி நேரம் ஞாயிற்றுக்கிழமை டீக்கு அப்புறம். போன வாரம் அவளே காலண்டர் தாளைக் கிழித்து நீட்டினாள். நான் கூட்டாண்மைக் கணக்கு ஒன்று எழுதி, நடுவில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு விடுபிழையை, அதாவது பதிய வேண்டியதைப் பதியாமல் விட்ட பிழையை, செருகிவைத்தேன். பத்து நிமிடம் பேனா நகரவில்லை.

"இது எந்த யூனிட்னு மட்டும் சொல்லுங்க அத்தே."

"அது தெரிஞ்சா அப்புறம் கணக்கே இல்லையே கண்ணு."

முறைத்தாள். வெளியே மறுபடி தூற ஆரம்பித்திருந்தது, ஊட்டி பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அவள் இரண்டாவது வரியிலிருந்து திரும்பப் படிக்கத் தொடங்கினாள்.